2 மணிக்குத் தெரிந்ததும் இப்போது தெரிவதும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையில் பணிபுரியும் இளம் வைத்தியர் நான். இரண்டு மாதங்களுக்கு முன், என் இரவுக் கடமையில், 19 வயது மாணவன் ஒருவன் டெங்குவின் ஆபத்தான கட்டத்தில் இருந்தான். அதிகாலை 2 மணிக்கு அவனுடைய குருதி அழுத்தம் 100/70. 3 மணிக்கு மறுபடி பார்த்திருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணறியது. திரும்பி வந்தபோது மணி 5, அழுத்தம் 95/80. மறுநாள் அவன் இறந்துவிட்டான். யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. ஆனால் 2 மணிக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு நோயாளியின் அட்டையையும் நான்கு முறை பார்க்கிறேன். தூக்கம் இல்லை. வேலையை விட்டுவிடலாமா? அவனுடைய அம்மாவைப் போய்ப் பார்க்கலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள மகளுக்கு,

உங்களில் பிழையே இல்லை என்று நான் எழுதப்போவதில்லை. அதைச் சொன்னவர்கள் ஏற்கெனவே பலர் இருந்திருப்பார்கள். 3 மணிக்குப் பார்க்கத் தவறியது உண்மை. ஆனால் நீங்கள் உங்கள் தலையில் ஏற்றியிருப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

2 மணிக்குக் குருதி அழுத்தத்தின் இரண்டு எண்களுக்கும் இடைவெளி 30. 5 மணிக்கு 15. அது 20க்கு இறங்கினாலே டெங்குவில் அபாயம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2 மணி அட்டையில் அந்த 15 இல்லை. இன்று அதை நினைக்கும்போது உங்கள் மனம்தான் அதை அங்கே எழுதிவைக்கிறது. முடிவு தெரிந்தபின், அதை முன்பே கண்டிருக்கலாம் என்று மனம் நம்பிவிடுகிறது என்பதை பாருக் ஃபிஷ்ஹொஃப் என்ற உளவியலாளர் 1975இல் சோதனைகள் மூலம் காட்டினார். அந்த இரவை மணிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். அந்தந்த மணிக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். விடுதியில் எத்தனை நோயாளிகள், கடமையில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து. பிறகு இரவுக் கடமை பார்த்துப் பழகிய மூத்த வைத்தியர் ஒருவரிடம் அதை வாசித்துக் காட்டுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியபீடத்தில் இருந்தேன். குண்டு வெடித்த ஒரு நாள். நிருபர் தொலைபேசியில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க, நான் எழுதினேன். இரைச்சலில் தலைப்பெழுத்து ஒன்றைப் பிழையாகக் கேட்டுவிட்டேன். கொட்டாஞ்சேனையில் உயிரோடிருந்த ஒருவர் மறுநாள் பத்திரிகையில் இறந்துபோனார். பதினொரு மணிக்கு அவரே வந்தார். அடையாள அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். அதன் ஒரு மூலையில் பிளாஸ்டிக் உரிந்து சுருண்டிருந்தது. “தம்பி, ஊரில் அம்மா பேப்பரைப் பார்த்து விழுந்துவிட்டார்” என்றார். ஏசவில்லை.

அன்று மாலையே விலகல் கடிதம் கொடுத்தேன். ஆசிரியர் அதை லாச்சிக்குள் வைத்துவிட்டு, இரவு வந்த அடுத்த பட்டியலையும் என்னிடமே தந்தார். ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை. ஒன்றை மட்டும் மாற்றினார்: எழுதியவர் ஒவ்வொரு பெயரையும் நிருபருக்குத் திருப்பி வாசிக்க வேண்டும், ஒப்புநோக்குநர் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும். அந்த ஒழுங்கில் ஒரு மாதம் வேலை செய்த பிறகுதான் பேனை என் கைக்கு மறுபடி வசமானது.

நீங்கள் அட்டையை நான்கு முறை பார்ப்பதில் பயம் இருக்கிறது, ஒழுங்கு இல்லை. ஒருவர் அவசர நோயாளியோடு இருக்கும்போது மணிக்கொரு தடவை பார்க்க வேண்டியவர்களை யார் பொறுப்பேற்பது? இதை உங்கள் விடுதியில் கேட்டு, முடிவெடுக்கவையுங்கள். 3 மணிக்கு விழுந்த ஓட்டை அதுதான்.

இப்படி உடைந்துபோகும் வைத்தியர்களை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார் அல்பர்ட் வூ என்ற அமெரிக்க வைத்தியர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்த வரிசையில் எத்தனையாவது? ஆனால் வூ கண்ட வலி உண்மையானது. இரண்டு மாதத் தூக்கமின்மையைத் தாங்கிக்கொண்டிருக்காதீர்கள். மனநல வைத்தியர் ஒருவரிடம் போங்கள். தெரிந்தவர்களிடம் போகத் தயக்கமென்றால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். வேலையை விடுவதா என்பதை நன்றாகத் தூங்கத் தொடங்கிய பிறகு யோசியுங்கள்.

அந்தத் தாயைப் பார்க்கும் எண்ணத்தை உங்கள் வைத்திய நிபுணரிடம் சொல்லுங்கள். தாய் விரும்புகிறாரா என்று முதலில் கேட்டறிந்து, நிபுணரோடு சேர்ந்து போங்கள். உங்கள் பாரத்தை அங்கே இறக்கி வைக்கப் போகாதீர்கள். 3 மணியைப் பற்றித் தாய் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரர் அன்று கேட்டது ஒன்றுதான்: பெயர் வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் வர வேண்டும். வந்தது. அன்றும் அவர் நேரில் வந்தார். ஊருக்கு அனுப்ப ஐந்து பிரதிகள் வாங்கிக்கொண்டு போனார்.