பழைய பென்ஸ் இ 240: எதை நீங்களே செய்யலாம், எதுல கை வைக்கக் கூடாது

வாசகர் ஒருத்தர் கேட்டது இது. 2004 மாடல் பென்ஸ் இ 240 பெட்ரோல், 1,80,000 கிலோமீட்டர் ஓடினது, செகண்ட் ஹேண்டா வாங்கியிருக்கார். நல்லா சூடானதுக்கு அப்புறம் சில சமயம் ஓடிட்டு இருக்கும்போதே இன்ஜின் ஆஃப் ஆயிடுது, அரை மணி நேரம் விட்டா ஒண்ணும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. 60, 70 வேகத்துல ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சா வரிசையா சின்ன சின்ன ஸ்பீட் பிரேக்கர் மேல போற மாதிரி ஒரு நடுக்கம். பானெட் பக்கம் ஆயில் கருகற வாசனை. முன் பிரேக் பேட் தேய்ஞ்சு வார்னிங் வந்துடுச்சு. முன்னாடி வெச்சிருந்த சின்ன கார்ல ஆயில், பிளக், பேட் எல்லாம் தானே மாத்தினவர், "இதுலயும் நானே செய்யலாமா, எங்க ஆரம்பிக்கறது"ன்னு கேக்கறார்.

தாராளமா செய்யலாம். சொன்ன நாலுல மூணை வீட்டு ஷெட்லயே முடிச்சிடலாம். ஆனா இருக்கறதுலயே ஈசின்னு நீங்க நினைச்சிருப்பீங்களே அந்த பிரேக் பேட், இந்த வண்டியில அதுதான் கையைப் பதம் பாக்கற வேலை, அதனால அதை முதல்ல சொல்லிடறேன், மத்ததை எல்லாம் அப்புறம் பாக்கலாம்.

உங்களோடது டபிள்யூ 211 பாடி, அதுலயும் 2006ல ஃபேஸ்லிஃப்ட் வர்றதுக்கு முன்னாடி வந்தது. இந்த வண்டிகள்ல எஸ்பிசின்னு ஒரு பிரேக் சிஸ்டம் இருக்கு. சாதாரண கார்ல பெடலை மிதிச்சா அந்த அழுத்தம் பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் வழியா நேரா வீல்ல பேடை டிஸ்க் மேல அழுத்தற காலிப்பருக்குப் போகும், நீங்க மிதிக்கலேன்னா ஒண்ணும் நடக்காது. இதுல அப்படி இல்ல, ஒரு எலக்ட்ரிக் பம்ப் பிரேக் ஃப்ளூயிடை 140லேர்ந்து 160 பார் வரைக்கும் அழுத்தி சேமிச்சு ரெடியா வெச்சிருக்கும், நீங்க எவ்வளவு வேகமா எவ்வளவு ஆழமா மிதிக்கறீங்கன்னு சென்சார் பாத்து சொல்லும், கம்ப்யூட்டர் ஒவ்வொரு வீலுக்கும் தனித்தனியா வால்வைத் திறந்து அந்த அழுத்தத்தை அனுப்பும். உங்க டயர்ல இருக்கற காத்து ரெண்டு, ரெண்டரை பார்தான், அதோட ஒப்பிட்டா 140 பார் எவ்வளவுன்னு புரியும்.

பிரச்சனை என்னன்னா இந்த சிஸ்டம் முழிச்சுக்கறதுக்கு நீங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணணும்னே அவசியம் இல்ல. ரிமோட்ல லாக்கைத் திறந்தா போதும், கதவைத் திறந்தா போதும், பெடலைத் தொட்டா போதும், தானா ஒரு டெஸ்ட் ஓட்டிப் பாத்துக்கும். நீங்க காலிப்பரைக் கழட்டி பேடைத் தள்ற பிஸ்டன் கிட்ட விரல வெச்சிருக்கற நேரத்துல வீட்ல யாராவது பின் கதவைத் திறந்து பையை எடுத்தாங்கன்னா பிஸ்டன் அந்த அழுத்தத்தோட வெளிய வரும், விரல் நசுங்கற அளவுக்கு வரும். பயமுறுத்தறதுக்காக சொல்லல, சாதாரண கார்ல பேட் மாத்திப் பழகின கைக்குத்தான் இதுல ஆபத்து அதிகம், ஏன்னா அந்தப் பழக்கத்துல எதுவும் யோசிக்காம இறங்கிடுவோம்.

அதனால எஸ்பிசியை டீஆக்டிவேட் பண்ணாம காலிப்பர்ல ஸ்பேனரே வைக்காதீங்க. அதை பென்ஸ் கம்பெனியோட ஸ்டார் டயக்னாசிஸ் மெஷின் மூலமாவோ, எஸ்பிசி டீஆக்டிவேஷன் ஆப்ஷன் தெளிவா இருக்கற ஒரு நல்ல ஸ்கேனர் மூலமாவோ பண்ணணும், அது சேமிச்சு வெச்ச அழுத்தத்தை வெளியேத்திட்டு பம்ப்பை தூங்க வெச்சிடும். போன்ல மாட்டற சின்ன ப்ளூடூத் டாங்கிள் இன்ஜின் கோட் மட்டும்தான் படிக்கும், இதுக்கு உதவாது. "பேட்டரியைக் கழட்டிட்டா போதும்"னு சொல்லுவாங்க, இந்த வண்டியில ரெண்டு பேட்டரி இருக்கு, ஒண்ணைக் கழட்டினா இன்னொண்ணு கரண்ட் குடுக்கும், அதை நம்பாதீங்க. அந்த மாதிரி ஸ்கேனர் கையில இல்லேன்னா பேட் வேலையை மட்டும் வெளிய குடுத்துடுங்க, அதுல எந்த கௌரவக் குறைச்சலும் இல்ல.

டீஆக்டிவேட் பண்ணிட்டா மிச்சம் உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான். பிஸ்டனை உள்ள தள்ளறதுக்கு முன்னாடி ரிசர்வாயர்ல ஃப்ளூயிட் மட்டம் பாருங்க, இல்லேன்னா நிரம்பி வழிஞ்சு பெயின்ட்டைத் தின்னுடும். தேய்மான சென்சர் வயரை பேடோட சேத்து புதுசா போடுங்க. பின் பக்கம் பண்ணும்போது பிஸ்டனைத் திருக வேண்டியதில்ல, பார்க்கிங் பிரேக் தனியா டிஸ்குக்கு உள்ள ஷூவா இருக்கு, நேரா தள்ளினா போயிடும். வீல் போல்ட் 130 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச் வெச்சு இறுக்குங்க. எஸ்பிசியைத் திரும்ப ஆக்டிவேட் பண்ணி, ஃபால்ட் எதுவும் இல்லேன்னு பாத்து, ஆள் இல்லாத இடத்துல மெதுவா நாலு தடவை பிரேக் பிடிச்சுப் பாத்துட்டு அப்புறம் ரோட்டுக்குப் போங்க. பிரேக் ஃப்ளூயிட் மாத்தி ஏர் எடுக்கற வேலையை மட்டும் நீங்க தொட வேண்டாம், அதுக்கு ஸ்டெப் ஸ்டெப்பா டயக்னாசிஸ் மெஷின் வேணும்.

இன்னொண்ணு, எஸ்பிசி பம்ப் எத்தனை தடவை வேலை செஞ்சுதுன்னு உள்ள ஒரு கவுன்டர் எண்ணிட்டே இருக்கும், அது எல்லையைத் தொட்டா மீட்டர்ல சிவப்புல பிரேக்கை உடனே ஒர்க்‌ஷாப்ல காட்டச் சொல்லி மெசேஜ் வரும். அதைப் பாத்துட்டு ஓட்டாதீங்க. சிஸ்டம் நின்னுபோனா முன் ரெண்டு வீலுக்கு மட்டும்தான் பிரேக் இருக்கும், பெடல் ஆழமா போகும், முழு பலத்தையும் போட்டு மிதிக்கணும். 2004லயும் 2005லயும் இதுக்காக பெரிய ரீகால் நடந்தது, கடைசியில 2006 ஃபேஸ்லிஃப்ட்ல கம்பெனியே இதை எடுத்துட்டு சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்துட்டாங்க. உங்க வண்டிக்கு ரீகால் வேலை நடந்திருக்கா, பம்ப் மாத்தியிருக்கான்னு சேசிஸ் நம்பரைக் குடுத்துக் கேட்டு வெச்சுக்குங்க.

இப்ப இன்ஜின் நின்னு போறது. நீங்க சொல்ற விதத்தைப் பாத்தா கிராங்க் சென்சர்தான் முதல் சந்தேகம். உங்க வண்டியில இருக்கற எம் 112 வி6 இன்ஜின்ல கிராங்க், அதாவது இன்ஜினோட மெயின் ஷாஃப்ட், எந்த நிலையில சுத்துதுன்னு சொல்ற சென்சர் இன்ஜினோட பின்னாடி, கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல உக்காந்திருக்கு, நல்ல சூடு படற இடம். உள்ள மெல்லிசான காயில், வருஷக்கணக்கா வெந்து வெந்து சூடானா கனெக்‌ஷன் விட்டுப் போகும், ஆறினா திரும்ப ஒட்டிக்கும். அந்த சிக்னல் இல்லேன்னா கம்ப்யூட்டர் பெட்ரோலும் விடாது, ஸ்பார்க்கும் குடுக்காது.

இங்கதான் நிறைய பேர் காசைக் கரியாக்கறாங்க. நின்னுச்சா, ஃபியூவல் பம்ப்பை மாத்து, அப்புறம் ஃபில்டரை மாத்து, அப்புறம் காயிலை மாத்துன்னு ஒண்ணொண்ணா போட்டுப் பாக்கறது. அதுக்குப் பதிலா வண்டி நின்ன அந்த நிமிஷத்துலயே ஸ்கேனரை மாட்டி, லைவ் டேட்டால ஆர்பிஎம்மை வெச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சுப் பாருங்க. இன்ஜின் சுத்துற சத்தம் கேக்குது ஆனா ஆர்பிஎம் பூஜ்யம்னு காட்டுதுன்னா சென்சர் இல்லேன்னா அதோட வயர், அவ்வளவுதான். ஆர்பிஎம் ஒழுங்கா காட்டுதுன்னா சென்சரைத் தொடாதீங்க, அப்ப ஃபியூவல் பிரஷர், ரிலே பக்கம் போகலாம். கிராங்க் சென்சருக்கான பி 0335 ஃபால்ட் கோட் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், கோட் இல்லேங்கறதால சென்சர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. மாத்தறது ஒரே ஒரு போல்ட், தலை வெளிப்பக்கமா நட்சத்திர வடிவத்துல இருக்கற இ 8 டார்க்ஸ், நீளமான எக்ஸ்டென்ஷன் வேணும், கண்ணுக்குத் தெரியாது, கையால தடவிக் கண்டுபிடிக்கணும், இன்ஜின் முழுசா ஆறின பிறகு பண்ணுங்க. பேர் தெரியாத மலிவு சென்சர் வேண்டாம், புதுசா போட்டும் அதே தொந்தரவு வரும், அப்புறம் தப்பு எங்கன்னு தேடறதே பெரும்பாடாயிடும்.

நடுக்கத்துக்கு வருவோம், எனக்கு உங்க வண்டியில உண்மையிலேயே கவலை தர்றது இதுதான். லேசான ஆக்சிலரேட்டர்ல, அந்த வேகத்துல மட்டும் வர்ற நடுக்கம்னா, இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கற டார்க் கன்வர்ட்டருக்குள்ள இருக்கற லாக்கப் கிளட்ச் பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு வழுக்குதுன்னு அர்த்தம். காரணம் வெறும் பழைய ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலா இருக்கலாம், உங்க வண்டியில இருக்கற 722.6 கியர்பாக்ஸ்ல ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேண்டாம்னு ஒரு காலத்துல சொன்னாங்க, அதை நம்பி மாத்தாமலே ஓட்டின வண்டிகள் நிறைய. ஆனா மோசமான இன்னொரு காரணம் இருக்கு. கியர் ஆயிலைக் குளிர வைக்கற குழாய் ரேடியேட்டருக்கு உள்ளேயே ஓடுது, 2003 வாக்குல வந்த சில வண்டிகள்ல அந்தக் குழாய் உள்ளுக்குள்ள விட்டுப் போய் கூலன்ட் ஏடிஎஃப்ல கலந்தது. கூலன்ட்ல இருக்கற கிளைக்கால் கொஞ்சம் போனாலே போதும், கிளட்ச் லைனிங் கெட ஆரம்பிச்சிடும்.

அதனால புது ஆயிலை வாங்கி ஊத்தறதுக்கு முன்னாடி பழைய ஆயிலை கொஞ்சம் எடுத்து கிளைக்கால் டெஸ்ட் பண்ணுங்க. ரொம்ப கலந்திருந்தா ரோஸ் மில்க் மாதிரி ஆயிடும், பாத்தாலே தெரியும், கொஞ்சமா கலந்திருந்தா கண்ணுக்குத் தெரியாது, டெஸ்ட் கிட்தான் சொல்லும். கிளைக்கால் இருந்தா முதல்ல ரேடியேட்டர், அப்புறம்தான் ஆயில், மாத்திப் பண்ணினா புது ஆயிலும் வீண்.

கிளைக்கால் இல்லேன்னா ஃபில்டர், கியர்பாக்ஸ் அடியில இருக்கற ஆயில் தட்டான பானோட கேஸ்கெட், பென்ஸோட 236.14 அப்ரூவல் உள்ள ஏடிஎஃப் போட்டு நீங்களே மாத்தலாம். வண்டியை ஜாக்கை நம்பி மட்டும் தூக்கி நிறுத்திட்டு கீழ போகாதீங்க, சமதளத்துல நாலு பக்கமும் ஸ்டாண்ட் குடுத்து, அசைச்சுப் பாத்துட்டு படுங்க. பானைக் கழட்டினா ஏறக்குறைய பாதி ஆயில்தான் வரும், மிச்சம் கன்வர்ட்டர்ல நிக்கும், அதனால கொஞ்ச நாள் ஓட்டிட்டு இன்னொரு தடவை மாத்தினா நல்லா சுத்தமாகும். பான் போல்ட் 8 நியூட்டன் மீட்டர்தான், கை பலத்தைக் காட்டினா அலுமினிய மரை போயிடும்.

கீழ படுத்திருக்கும்போதே கியர்பாக்ஸ் பக்கவாட்டுல இருக்கற 13 பின் வட்ட கனெக்டரைப் பாருங்க. அதுல இருக்கற சின்ன ரப்பர் வளையம் சுருங்கிப் போய் ஆயில் கசியும், அந்த ஆயில் வயருக்குள்ளயே ஏறி கன்ட்ரோல் யூனிட் வரைக்கும் போயிடும், ஒரு சின்ன ரப்பருக்காக ஒரு கம்ப்யூட்டர் போகும். ஈரம் தெரிஞ்சா மட்டும்னு இல்ல, இந்த வயசுல எப்படியும் புதுசு போட்டுடுங்க, 7 எம்எம் போல்ட் ஒண்ணுதான்.

ஆயில் மட்டம் பாக்கறதுக்கு இதுல கம்பெனி டிப்ஸ்டிக் கிடையாது, வெறும் டியூபும் மூடியும்தான், டிப்ஸ்டிக் டூல் தனியா வாங்கணும். இன்ஜின் ஓடிட்டு இருக்க, கியர் பி-ல, ஆயில் 80 டிகிரியில இருக்கும்போது அளக்கணும். இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, இந்த கியர்பாக்ஸ்ல டெம்பரேச்சர் சென்சர் பி-லயும் என்-லயும் வேலை செய்யாது, அப்ப ஸ்கேனர்ல வர்றது இன்ஜினோட சூடு. காலை பிரேக்ல வெச்சு டி இல்லேன்னா ஆர்-ல போட்டு நிஜமான ஆயில் சூட்டைப் பாத்துட்டு, திரும்ப பி-க்கு வந்து அளந்துடுங்க. மட்டம் அதிகமானாலும் தப்பு, ஆயில் நுரைச்சு கியர் வழுக்கும்.

கருகல் வாசனை இருக்கறதுலயே சின்ன விஷயம். வால்வு கவர் மேல ப்ரீதர் கவர் ஒண்ணு இருக்கும், அதுக்கு கேஸ்கெட் கிடையாது, சீலன்ட் மட்டும்தான், அது காஞ்சு போய் ஆயில் வழிஞ்சு சூடான எக்ஸாஸ்ட் மேல விழும். கழட்டி, பழைய சீலன்ட்டை சுத்தமா எடுத்துட்டு, மெல்லிசா ஒரு கோடு புது சீலன்ட் போட்டா நின்னுடும். அதோட வால்வு கவர் ஓரத்துலயும் ஈரம் இருந்தா கேஸ்கெட்டையும் சேத்தே பண்ணுங்க, ஏன்னா அதுக்கு காயிலை எல்லாம் கழட்டியாகணும், கழட்டினா பிளக்கையும் பாத்துடலாம். சிலிண்டருக்கு ரெண்டுன்னு மொத்தம் 12 பிளக், வயரைப் பிடிச்சு இழுத்தா அறுந்துடும், அடியில இருக்கற இரும்பு உறையில 17 ஓப்பன் ஸ்பேனரை மாட்டி நெம்பினா அழகா வரும். ஹெட் அலுமினியம், அதனால ஆறின இன்ஜின்ல மட்டும்.

முன் பக்கம் நிக்கும்போது டார்ச் அடிச்சு கிராங்க் புல்லியைப் பாருங்க. நடுவுல ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது வெடிச்சிருந்தாலோ, இன்ஜின் ஓடும்போது வெளி வட்டம் ஆடினாலோ உடனே மாத்தணும், விட்டா பின்னாடி நகர்ந்து டைமிங் கவரை அரைச்சிடும். அந்த போல்ட்டுக்கு ரொம்ப பெரிய டார்க் வேணும், கிராங்க்கை சுத்தாம பிடிக்கற டூலும் வேணும், அது ரெண்டும் இல்லேன்னா அந்த வேலையை வெளிய குடுங்க.

பார்ட்ஸ் வாங்கும்போது மாடல் வருஷத்தைச் சொல்லி வாங்காதீங்க, ஒரே வருஷத்துல ரெண்டு விதம் வந்திருக்கும், சேசிஸ் நம்பரை வெச்சு பார்ட் நம்பரை எடுத்து அதை வெச்சு வாங்குங்க. கம்பெனிக்கே சப்ளை பண்ற பாஷ், மான், லெம்ஃபோர்டர் மாதிரி பேர்ல எடுத்தா பென்ஸ் டப்பா இல்லாமலே அதே தரம் கிடைக்கும்.

பேட் வார்னிங் வந்துட்டதால அது முடியற வரைக்கும் ஓட்டத்தைக் குறைச்சுக்குங்க, அடுத்து கிராங்க் சென்சர் டெஸ்ட், ஏன்னா நடு ரோட்டுல நிக்கறது உயிருக்கே ஆபத்து, அதுக்கப்புறம் கிளைக்கால் டெஸ்ட். ஆயில் வாசனை அதுவரைக்கும் காத்திருக்கும், எக்ஸாஸ்ட் மேல புகை வராத வரைக்கும். கிளைக்கால் டெஸ்ட்ல என்ன வந்துச்சு, பான்ல இரும்புத் தூள் இருந்துச்சா, ஆயில் என்ன நிறத்துல இருந்துச்சுன்னு எழுதுங்க, கன்வர்ட்டரைக் காப்பாத்த முடியுமான்னு அதை வெச்சுத்தான் சொல்ல முடியும்.