வாசகர் கேள்வி – பதில்: அணியில் மயங்கி விழாமல் நிற்க

கேள்வி: நவம்பர் 11 போர் நினைவு நாளுக்காக என் மகள் (16 வயது கேடட்) குழுவோடு பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குப் போகிறாள். இங்கே பரேடிலேயே ஒருமுறை மயங்கி விழுந்தவள். அங்கே தாக்குப்பிடிப்பாளா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஒருமுறை விழுந்தவள் என்பதால் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வெயிலை மட்டும் குறை சொல்ல வேண்டாம், குளிரிலும் விழுவார்கள். 'சாவ்தான்' (அசையாமல் நேராக நில்) என்றதும் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி விறைத்துக்கொண்டால் கெண்டைக்கால் தசை அசையாது, ரத்தம் காலிலேயே தேங்கும், மூளைக்குப் போவது குறையும். முழங்காலைச் சற்றே தளர்த்தி, ஷூவுக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கட்டும். வெளியே யாருக்கும் தெரியாது.

ஈப்பரில் உள்ள மெனின் கேட் போர் நினைவு வளைவில் தினமும் இரவு 8 மணிக்கு 'லாஸ்ட் போஸ்ட்' என்ற அஞ்சலி இசையை பியூகிளில் ஊதுவார்கள். அப்போது சென்னையில் நள்ளிரவு 12.30. உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம்! ஆறரைக்கே சாப்பிட வைத்து, தண்ணீரும் குடிக்கச் சொல்லுங்கள். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்ப்பதுதான் பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு. யூனிஃபார்முக்குள் பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்து சில்லிடும், குளிர் தாங்கும் தெர்மல் உள்ளாடை போடட்டும். சாக்ஸ் ஒரே ஜோடி, கம்பளியில். இரண்டு ஜோடி போட்டால் ஷூ இறுகிக் கால் மரத்துப்போகும்.

கண் இருட்டினால் வீம்பு வேண்டாம், ஒரு காலை மண்டியிட்டு உட்காரலாம். நின்றபடி சாய்ந்தால் தாடைதான் உடையும். விழுந்தவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். நினைவு முழுதாகத் திரும்பும்வரை தண்ணீர் புகட்டாதீர்கள். மெனின் கேட் நிகழ்ச்சி முடிந்ததும் கைதட்டக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: சிங்கப்பூரின் கிராஞ்சி போர்க் கல்லறைக்குப் போகும் மகன், அங்கே தன் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையைத் தேடலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: கல்லறை இல்லாமலும் இருக்கலாம். அங்குள்ள சிங்கப்பூர் நினைவகத்தில், கல்லறை எங்கே என்று தெரியாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. தகனம் செய்யப்பட்டவர்களுக்கு அதன் பின்னாலேயே தனி நினைவகம். அதில் பெரும்பாலானவர்கள் இந்தியப் படையினர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் சர்வீஸ் நம்பரை (படையில் அவருக்குக் கொடுத்த எண்) வைத்துத் தேடுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதியிருப்பதால் பெயரை மட்டும் கொடுத்தால் கிடைக்காமல் போகலாம். பெயர் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைத் தாளில் குறித்துக் கொடுத்தனுப்புங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குக் கூட்டிப்போனால், கல்லில் ரெஜிமென்ட், நம்பர், தேதி எப்படிப் பொறித்திருக்கும் என்று இங்கேயே பார்த்துப் பழகிக்கொள்வான்.