வெள்ளத்தில் நனைந்த கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. தரையில் இருந்த கம்ப்யூட்டர் கேபினெட் ஒரு நாள் முழுக்க அதில் நின்றது. துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டோம். பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. இத்தனை நாளில் காய்ந்திருக்கும்தானே? ஸ்விட்ச் போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், பள்ளிக்கரணை

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். தண்ணீர் காய்ந்திருக்கும். அதோடு வந்த உப்பும் சேறும் சாக்கடைக் கழிவும் போர்டின் மேலேயே படிந்திருக்கும். அந்தப் படிவு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பைக்குள் அடைத்ததால் ஈரம் வெளியேறவும் வழியில்லாமல் போயிருக்கும். இந்த நிலையில் மின்சாரம் பாய்ந்தால் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் தாமிரத் தடங்களுக்கு இடையே கசிவு ஏற்பட்டுச் சிப்புகள் கருகும். தண்ணீரில் பிழைத்த போர்டு அந்த ஒரு ஸ்விட்சில் போய்விடும்.

உங்களுக்கு முக்கியம் படங்கள். அதனால் ஹார்டு டிஸ்க்கை முதலில் கழற்றுங்கள், மற்றவை பிறகு. கேபினெட்டின் உள்பக்கத் தகட்டில் சேற்றுக் கோடு தெரியும். தண்ணீர் எதுவரை ஏறியது என்று அந்தக் கோடே சொல்லும். ஹார்டு டிஸ்க் அதற்கு மேலே இருந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

கோட்டுக்குக் கீழே இருந்திருந்தால் கதை வேறு. சாதாரண ஹார்டு டிஸ்க் முழுக்கக் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்ட பெட்டி அல்ல. மூடியில் குண்டூசி முனை அளவு மூச்சுத் துளை ஒன்று இருக்கும், அதை மூடாதீர்கள் என்று லேபிளிலேயே அச்சடித்திருப்பார்கள். அதன் வழியே தண்ணீர் உள்ளே போயிருந்தால் தட்டுகளின் மேல் மெல்லிய சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும்போது, அதற்கு மயிரிழையைவிட நெருக்கமாக மிதக்கும் ஹெட் (தகவலைப் படிக்கும் முனை) அந்தச் சேற்றில் மோதும். சில விநாடிகளில் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுவிடும். பிறகு யாராலும் படங்களை எடுக்க முடியாது. இப்படிப்பட்ட டிஸ்க்கை ஒரு முறைகூட ஓடவிடாமல், மூடியையும் திறக்காமல், தூசியில்லா அறை வசதியுள்ள டேட்டா ரெக்கவரி நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். 'நனைந்தது, இதுவரை மின்சாரம் கொடுக்கவில்லை' என்று சொல்லியே கொடுங்கள். செலவு அதிகம்தான், ஆனாலும் அந்தப் படங்களுக்கு வேறு வழி கிடையாது.

தண்ணீர் தொடவில்லை என்பது உறுதியானால் வீட்டிலேயே பார்க்கலாம். டிஸ்க்கின் அடியிலுள்ள சின்ன போர்டை நட்சத்திர முனை திருப்புளியால் (பெரும்பாலும் டி6) கழற்றுங்கள். அதன் உள்பக்கத்தில் மோட்டாருக்கும் ஹெட்டுக்கும் போகும் தொடுபுள்ளிகள் கறுத்திருந்தால் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். மாட்டிய பிறகு, யு.எஸ்.பி. – சாட்டா கன்வெர்ட்டர் (ஹார்டு டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் செருக உதவும் இணைப்பி) வழியாக வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் இணையுங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை, ஆகவே தனி அடாப்டருடன் வரும் கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள். 'டக், டக்' என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். சத்தம் இல்லாமல் ஓடினால் படங்களை முதலில் நகலெடுங்கள். நடுநடுவே தடுக்கினால் திரும்பத் திரும்ப முயலாமல், லினக்ஸ் இயங்குதளம் உள்ள பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, 'டிடிரெஸ்க்யூ' நிரலால் முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்குப் படியெடுங்கள். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களுக்குக் கடைசியில் வரும் நிரல் அது.

இன்னொன்று: அதே மாடல் டிஸ்க்கின் போர்டை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ரோம் (நிரந்தர நினைவக) சிப்பில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுத்திருத்தங்கள் எழுதப்பட்டிருக்கும். அதையும் பெயர்த்துப் புது போர்டில் பற்றவைக்காவிட்டால் பெரும்பாலான மாடல்கள் வேலை செய்யாது.

கேள்வி: மதர்போர்டில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கிறது. ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தால் போதுமா? அரிசியில் புதைத்து வைக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: அரிசி உப்பையும் எடுக்காது, சேற்றையும் எடுக்காது. கூடவே தவிட்டுத் தூள் ஸ்லாட்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். வெறும் ஸ்பிரிட்டும் போதாது. வெள்ளத்து உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எனவே முதலில் தண்ணீர், பிறகு ஆல்கஹால்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது சாக்கடை கலந்த சேறு. முதல் வேலையாக மதர்போர்டில் காசு போல இருக்கும் சிஆர் 2032 பேட்டரி செல்லை எடுத்துவிடுங்கள். மின்சாரமே கொடுக்காமல் பரணில் கிடந்தாலும் அந்த 3 வோல்ட் செல் தன்னைச் சுற்றியுள்ள தாமிரத்தை அரித்துக்கொண்டே இருந்திருக்கும். செல் ஹோல்டரின் பக்கத்தில் பச்சை அதிகமாகப் பூத்திருப்பது அதனால்தான். பிறகு ரேம், கார்டுகள், ஹீட் சிங்க் (பிராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடு), பிராசஸர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இரண்டுக்கும் இடையே தடவிய பழைய தெர்மல் பேஸ்ட் பாறையாக இறுகியிருக்கும். அடியில் கால்கள் உள்ள ஏ.எம்.டி. பிராசஸர் என்றால் ஹீட் சிங்க்கை நேராக மேலே இழுக்காதீர்கள், பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து அடிக்கால்கள் வளைந்துவிடும். இடமும் வலமுமாக மெல்லத் திருகி விடுவியுங்கள்.

கழுவ இரண்டு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்குக் கடைகளில் விற்பதுதான். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் எதுவும் கூடாது, இருக்கும் உப்போடு இன்னும் உப்பு சேரும். போர்டைச் சாய்த்து வைத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் சேற்றைக் கரைத்து வழியவிடுங்கள். ஸ்லாட்டுகளுக்குள்ளும் போர்டின் பின்பக்கத்திலும் மறக்காமல் செய்யுங்கள். இன்டெல் பிராசஸர் சாக்கெட்டில் மட்டும் பிரஷ் படவே கூடாது. அதிலுள்ள நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகளில் ஒன்று வளைந்தாலும் போர்டு கிளம்பாமல் போகலாம். அங்கே தண்ணீரை ஊற்றி வடிய விடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்து 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், கால் லிட்டர் போதும். அதைப் போர்டு முழுக்க ஊற்றிப் பிரஷ் செய்தால் சிப்புகளின் அடியில் நிற்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே வரும். அடுப்பங்கரையில் வைத்துச் செய்யாதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கும். பிறகு மின்விசிறிக் காற்றில் நிழலில் மூன்று நாள் காயட்டும். ஹேர் டிரையர் வேண்டாம், அதன் சூடு ஒரே இடத்தில் குவிந்து ஸ்லாட்டுகளை வளைத்துவிடும்.

காய்ந்ததும் நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பச்சை போன இடத்தில் தாமிரத் தடம் அறுந்திருந்தாலோ, பெரிய சிப்பின் நான்கு ஓரங்களிலும் துரு கசிந்திருந்தாலோ அந்த போர்டுக்கு மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். மேல்பக்கம் உப்பிய கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கும் சின்ன உருளைகள்) மட்டும் என்றால் மாற்றிவிடலாம். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை, 'லோ இ.எஸ்.ஆர்.' (உள் மின்தடை குறைந்தது) என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் இதே மாதிரி கழுவிப் பயன்படுத்தலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: நனைந்த எஸ்.எம்.பி.எஸ். வேண்டவே வேண்டாம். உள்ளே 230 வோல்ட் ஏசி, சுமார் 325 வோல்ட் டிசியாக மாறுகிறது. அந்தப் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் இடையே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளிதான் பாதுகாப்பு. அதில் சேறு படிந்திருந்தால் கேபினெட்டைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கலாம். வீட்டில் எர்த் சரியில்லை என்றால் உயிருக்கே ஆபத்து. புதிதாக வாங்குங்கள்.

நனையாமல், சும்மா பல வருடம் கிடந்தது என்றால் சோதித்துப் பார்க்கலாம். போர்டில் இணைக்காமல், எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரியஸ் பல்பு வழியாக (100 வாட், குண்டு பல்பு) மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு முறை மின்னி அணைந்தால் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். முதல் சோதனையில் தேறினால் நேரடியாக இணைத்து, 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் கம்பியால் சேருங்கள், ஃபேன் சுற்றும். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை வோல்ட் வர வேண்டும்.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன். ஆன் ஆகிறது, நான்கு விநாடியில் தானாகவே அணைந்துவிடுகிறது.
– வாசகர், வேளச்சேரி

பதில்: நான்கு விநாடி என்று சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பவர் பட்டனை நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணையும் அல்லவா? கேபினெட் முகப்பிலுள்ள பட்டன் துருப்பிடித்து, உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தால் போர்டுக்கு அப்படித்தான் தெரியும். அந்த வயரைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டு, பவர் ஸ்விட்சுக்குரிய இரண்டு பின்களைத் திருப்புளியால் ஒரு கணம் தொடுங்கள். நின்று ஓடினால் பட்டனை மட்டும் மாற்றுங்கள். அப்போதும் அணைந்தால் பிராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம் தவிர மற்ற அனைத்தையும் கழற்றிவிட்டு முயலுங்கள். ரேமின் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் பாருங்கள். பிராசஸருக்கு அருகிலுள்ள 4 பின் 12 வோல்ட் கனெக்டர் மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள், பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

கேள்வி: மதர்போர்டில் புது பேட்டரி செல் போட்டதும் திரையில் படம் வந்தது. ஆனால் விண்டோஸ் 7 தொடங்கும்போது நீலத் திரை வந்து மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிறது. ஃபார்மேட் செய்யச் சொல்கிறார் கடைக்காரர்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஃபார்மேட் செய்வதற்கு முன் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அடிப்படை நிரல்) போங்கள். செல் தீர்ந்ததும் பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்து, ஆலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். ஹார்டு டிஸ்க்குடன் பேச ஏ.எச்.சி.ஐ., ஐ.டி.இ. என்று இரண்டு முறைகள் உண்டு. உங்கள் விண்டோஸ் ஏ.எச்.சி.ஐ. முறையில் நிறுவப்பட்டிருந்து, பயாஸ் இப்போது ஐ.டி.இ.க்கு மாறியிருந்தால் இதே நீலத் திரைதான் வரும். பிழை எண் 7பி என்று முடிந்தால் சந்தேகமே வேண்டாம். சாட்டா மோட் என்ற இடத்தில் ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றிச் சேமித்தால் உங்கள் கோப்புகளோடு அப்படியே கிளம்பும். அங்கேயே தேதியையும் நேரத்தையும் திருத்திவிடுங்கள். தேதி பல வருடம் பின்னால் இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று சொல்லி பிரவுசர் பெரும்பாலான தளங்களைத் திறக்காது. விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. ஆகவே கோப்புகளை எடுக்கும்வரை நெட் கேபிளைச் செருகாமல் வைத்திருங்கள்.