ஆளைப் பார்த்து எடுப்பதா, இடத்தைப் பார்த்து எடுப்பதா?

கேள்வி: மெல்பர்ன் வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஃபுட்டி டிராஃப்டில் எங்கள் கிளப் முதலில் உயரமான ஃபார்வர்டை எடுக்க வேண்டுமா, நல்ல மிட்ஃபீல்டரை எடுக்க வேண்டுமா என்று ஆபீஸில் தினமும் சண்டை. நான் யார் பக்கம் நிற்பது?

உங்கள் கிளப் எது என்று சொல்லவில்லை. ஆனால் டிராஃப்டைப் பற்றித் தினமும் சண்டை நடக்கிறது என்றால், அது பட்டியலின் அடியில் கிடக்கும் கிளப்பாகத்தான் இருக்க வேண்டும். ஜெயித்தவனுக்கு செப்டம்பர் போதும். நம்மைப் போன்றவர்களுக்கு நவம்பர்தான் திருவிழா. நம்மைப் போன்றவர்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். நான் செயின்ட் கில்டா ரசிகன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபுட்டி என்பது ஆஸ்திரேலியக் கால்பந்து. ஃபார்வர்ட் கோல் முன்னால் நிற்பவன், மிட்ஃபீல்டர் நடுவில் பந்தைப் பறித்து முன்னால் கொடுப்பவன். கிளப்புகள் வருடா வருடம் புதுப் பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். இது ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை. காசு இருக்கிறவன் அள்ளிக்கொண்டு போக முடியாது. கடைசி இடத்தில் முடித்த கிளப்புக்கு முதல் வாய்ப்பு (பிக் என்பார்கள்), சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. 1986-லிருந்து அடிப்படை விதி இதுதான். பெரும்பாலும் 18 வயதுப் பையன்கள், பள்ளியை அப்போதுதான் முடித்தவர்கள். எந்த கிளப் பெயரைச் சொல்கிறதோ அங்கே போக வேண்டும். அடிலெய்டுப் பையன் மெல்பர்னுக்கு வருவான், மெல்பர்ன் பையன் பெர்த்துக்குப் போவான். அப்பா அந்த கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் அதற்குத் தனி விதி உண்டு. அதற்குள் இப்போது போக வேண்டாம்.

இதில் ரசிகர்கள் எப்போதும் இரண்டு கட்சி. ஆளைப் பார்த்து எடு என்பது ஒரு கட்சி: இருக்கிறவர்களில் சிறந்தவன் யாரோ அவனை எடு, எங்கே ஆடவைப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இடத்தைப் பார்த்து எடு என்பது இன்னொன்று: அணியில் எங்கே ஓட்டையோ அதை அடை. உங்கள் ஆபீஸ் சண்டையும் இதுதான். நான் 2014-ல் இரண்டாவது கட்சி, அதுவும் சத்தமாக.

நான் திண்டுக்கல்காரன். 2007-ல் இங்கே வந்தேன். டான்டினாங் பக்கம் ஒரு உணவுத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். என்னை செயின்ட் கில்டாவுக்குள் இழுத்தவர் என் சூப்பர்வைசர். 1966-ல் ஒன்பது வயதில் அப்பாவோடு எம்சிஜி-யில் (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) உட்கார்ந்து, செயின்ட் கில்டா காலிங்வுட்டை ஒரே ஒரு புள்ளியில் வென்றதைப் பார்த்தவர். கிளப் இதுவரை வாங்கிய ஒரே கோப்பை அதுதான். நான் பார்க்க ஆரம்பித்தது 2009-ல். அந்த சீசனில் முதல் 19 ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். இப்படித்தான் எப்போதும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இறுதிப் போட்டியில் ஜீலாங்கிடம் 12 புள்ளியில் தோல்வி. அடுத்த வருடம் இறுதிப் போட்டி 68-68 என்று சமன். மறுவாரம் திரும்ப ஆடி 56 புள்ளியில் தோல்வி. அதற்குப் பிறகு சரிவுதான்.

2014-ல் நான்கே வெற்றி, கடைசி இடம், முதல் பிக். எங்கள் டீ ரூமில் ஒரு வெள்ளைப் போர்டு உண்டு. எந்த மோட்டார் பழுது, யார் எந்த ஷிஃப்ட் என்று எழுதுவதற்கு. அதன் வலது மூலையில் கட்டம் போட்டு டிராஃப்ட் பெயர்களை எழுதுவோம். சூப்பர்வைசர் சிவப்பு மார்க்கரில் கிறிஸ்டியன் பெட்ராக்கா என்று எழுதினார், மிட்ஃபீல்டர். நான் நீலத்தில் பேடி மெக்கார்ட்டின் என்று எழுதினேன், உயரமான ஃபார்வர்ட்.

என் வாதம் இது. எங்கள் பெரிய ஃபார்வர்ட் நிக் ரீவோல்ட்டுக்கு 32 வயது ஆகிவிட்டது. அவருக்கு அடுத்து கோல் முன்னால் நின்று பந்தைத் தலைக்கு மேல் பிடிக்க ஆள் இல்லை. மிட்ஃபீல்டர் எங்கே வேண்டுமானாலும் கிடைப்பான். 2001-ல் பின்னால் பெரிய மிட்ஃபீல்டர்களான சாம் மிட்செல் 36-வதாகப் போனார், டேன் ஸ்வான் 58-வதாகப் போனார். உயரமும் கையும் கால் வேகமும் சேர்ந்த பெரிய பையன் அப்படிக் கிடைக்கமாட்டான். சூப்பர்வைசர் சொன்னது: "பந்து முதலில் அவன்வரைக்கும் போய்ச் சேர வேண்டுமே, மேட். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்?" முந்தைய வருடத்தையும் காட்டினார். 2013-ல் மூன்றாவது பிக்கில் நாங்கள் ஜாக் பில்லிங்ஸை எடுத்தோம். நான்காவதில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் மார்கஸ் பொன்டெம்பெல்லியை எடுத்தது. அவர் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் என்பது முதல் சீசனிலேயே தெரிந்துவிட்டது. அதற்கும் முன்னால் 2001-ல் இரண்டாவது பிக்கில் லூக் பால் எங்களுக்கு வந்தார். மூன்றாவதாகப் போன கிறிஸ் ஜட் பின்னால் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை வாங்கினார். பால் நல்ல ஆட்டக்காரர், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு இந்த "அடுத்த பிக்" என்பது ஆறாத புண்.

டிராஃப்ட் நடந்த நாள் 2014 நவம்பர் 27. அந்தத் தேதியை நான் மறக்க முடியாது. அன்று பிற்பகல்தான் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பிலிப் ஹியூஸ் இறந்துபோனார். இரண்டு நாள் முன்பு சிட்னி மைதானத்தில் கழுத்தில் பட்ட பவுன்சர். 63 ரன்னில் நின்றுகொண்டிருந்தார், 25 வயது. திண்டுக்கல்லில் ஹெல்மெட்டே இல்லாமல் கார்க் பந்தில் ஆடி வளர்ந்தவன் நான். மத்தியானத்திலிருந்து யாரோடும் பேசவில்லை. அன்று இரவு டிவியில் கோல்ட் கோஸ்ட்டிலிருந்து டிராஃப்ட். முதல் பெயராக மெக்கார்ட்டின் என்று சொன்னார்கள். அடுத்து பெட்ராக்காவை மெல்பர்ன் கிளப் எடுத்தது. நான் ஜெயித்துவிட்டேன். கை தட்டத் தோன்றவில்லை.

ஒரு வருடம் நான் சொன்னதுதான் சரி என்று இருந்தது. பெட்ராக்கா முழங்காலில் தசைநார் கிழிந்து 2015 முழுக்க ஆடவில்லை. நான் அதைச் சொல்லிக் காட்டினேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு மெக்கார்ட்டினுக்குத் தலையில் அடி மேல் அடி. மைதானத்தில் ஒரு முறை நேரில் பார்த்தேன். பந்தைப் பிடிக்கத் தாவி, விழுந்து, எழுந்தார். எழுந்தவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். இரண்டு பேர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். எனக்குப் பின்வரிசையில், நம் கிளப் ஸ்கார்ஃப் போட்ட ஒருவர், "முதல் பிக்கை வீணாக்கிவிட்டான்கள்" என்று கத்தினார். பக்கத்தில் அவருடைய மகன், ஏழெட்டு வயது இருக்கும். நான் திரும்பிப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

2019 சீசன் தொடங்குவதற்கு முன்பு எட்டாவது தடவையாகத் தலையில் அடி. அந்த வருடம் அவர் ஆடவே இல்லை. செயின்ட் கில்டாவுக்கு மொத்தம் 35 ஆட்டங்கள். தலைவலியோடும் மங்கிய மனதோடும் மாதக்கணக்கில் அவதிப்பட்டதை அவரே பின்னால் வெளிப்படையாகப் பேசினார்.

அந்தச் சமயத்தில் ஒரு திங்கள் காலை. போர்டு மூலையில் 2014 கட்டத்தை யாரும் அழிக்காமலே விட்டிருந்தோம். என் நீலப் பெயருக்குப் பக்கத்தில் யாரோ கறுப்பில் "வேஸ்ட்" என்று எழுதியிருந்தார்கள். சூப்பர்வைசர் டீயோடு வந்தார், பார்த்தார். டஸ்டரை எடுத்துத் தேய்த்தார். கறுப்பு போனது, நான்கு வருடத்து நீலமும் சிவப்பும் அசையவில்லை. டூல் பையைத் திறந்து காண்டாக்ட் கிளீனரை எடுத்து அடித்து, பழைய துணியால் கட்டம் முழுவதையும் துடைத்தார். அவர் எழுதிய பெட்ராக்காவையும் சேர்த்துத்தான். துடைத்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். துணியைக் குப்பையில் போட்டுவிட்டு, மூன்றாம் லைன் கன்வேயரை யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான்.

2021 இறுதிப் போட்டி. மெல்பர்னில் ஊரடங்கு, ஆட்டம் பெர்த்தில். பெட்ராக்கா 39 முறை பந்தை எடுத்து ஆடி, இரண்டு கோல் அடித்து, ஆட்ட நாயகனுக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார். மெல்பர்ன் கிளப்புக்கு 1964-க்குப் பிறகு முதல் கோப்பை. சூப்பர்வைசரிடமிருந்து போன் வரும், நான் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று தயாராக இருந்தேன். வரவில்லை. திங்கட்கிழமை டீ நேரத்தில், "இரண்டு பேருமே நல்ல பையன்கள்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஒருவர் வருவார். பின்னால் நடந்தது யாருக்கும் தெரியாது என்று சப்பைக்கட்டு கட்டுகிறாய், கிளப்பில் சம்பளம் வாங்கும் தேர்வாளர்கள் எதற்கு இருக்கிறார்கள் என்று கேட்பார். பையனுக்கு டைப் 1 சர்க்கரை இருப்பது தெரிந்துதானே எடுத்தார்கள் என்றும் சொல்வார். சர்க்கரை அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை, அடிதான் நிறுத்தியது. சரி, அந்த வருடத்து மூன்றாவது பிக்கைப் பாருங்கள். ஆங்கஸ் பிரேஷா, மெல்பர்ன் கிளப், 2021 கோப்பையில் ஆடியவர். 2023 ஃபைனல்ஸில் தலையில் பட்ட அடியோடு 28 வயதில் விலகிவிட்டார். மெக்கார்ட்டின் 2022-ல் சிட்னிக்காகத் தம்பி டாமோடு இறுதிப் போட்டிவரை வந்தார், மறு வருடம் இன்னோர் அடி, 27 வயதில் ஓய்வு. முதல் மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே காரணத்தால் போனார்கள். இதை எந்தத் தேர்வாளர் எந்த ஓட்டப் பந்தயத்தில் அளந்து சொல்லியிருக்க முடியும்? பெட்ராக்காவை எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்றால், இருந்திருக்கும். மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குத் தெரிந்ததை வைத்து நான் சொன்னது முட்டாள்தனம் இல்லை. அதை எங்கேயும் சொல்வேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் பகுதித் தமிழ் அமைப்பு ஒன்று ஆண்டு விழாவை இறுதிப் போட்டி நடக்கும் சனிக்கிழமையிலேயே வைக்கிறது. கேட்டால் அன்று ஹால் வாடகை மலிவு என்கிறார்கள். மலிவாக இருப்பதற்குக் காரணமே ஊரில் வேறு யாரும் அன்று விழா வைப்பதில்லை என்பதுதான். பந்தியில் பிள்ளைகள் மடியில் போனை வைத்துக்கொண்டு ஸ்கோர் பார்க்கிறார்கள். பெரியவர்கள் அதட்டுகிறார்கள். "நமக்கு எதற்கு இவர்கள் ஆட்டம்" என்று ஒரு நிர்வாகி என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்தப் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், ஐயா. இது அவர்கள் ஆட்டம். ஒரு வாரம் தள்ளி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸில் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பையன்கள் ஆடி நேரில் பார்த்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். 20 மீட்டரை எத்தனை நொடியில் ஓடினான், 2 கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் முடித்தான் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். சாண்ட்ரிங்ஹாம் கடற்கரைக்குப் பக்கத்திலேயே ஓவல் இருக்கிறது. அங்கே சாண்ட்ரிங்ஹாம் டிராகன்ஸ் அணிப் பையன்கள் இளையோர் லீக் ஆடும்போது ஒரு நாள் போய்ப் பாருங்கள். பந்தை விட்டுவிட்ட பிறகு பையன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். சிலர் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். சிலர் பந்தைப் பறித்தவனைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். இரண்டாவது ரகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கும் ஒன்று சரியாக அமைந்தது. 2021-ல் 11-வது பிக், நசையா வாங்கனீன்-மிலேரா. 2025 ஜூலையில் அதே மெல்பர்ன் கிளப்புக்கு எதிராக, கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 46 புள்ளி பின்தங்கியிருந்தோம். அந்த நிலையிலிருந்து யாரும் அதற்குமுன் ஜெயித்ததில்லை. ஆட்டம் முடியும் சைரன் அடித்த பிறகு நசையா உதைத்த பந்து உள்ளே போனது, ஜெயித்தோம். சூப்பர்வைசர் ஓய்வு பெற்று ஃபிலிப் ஐலண்டில் இருக்கிறார். போனை எடுத்தேன், இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. பின்னணியில் அவர் வீட்டு டிவிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டீர்கள். போர்டில் அந்த மங்கலான இடத்திலேயே இந்த வருடமும் எழுதியிருக்கிறேன். உயரமான பையன்தான்.