ஆங்கிலத்தில் 'ஆல்தோ' (இருந்தாலும்), 'பட்' (ஆனால்) இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரலாமா?

ஒரே இணைப்புக்கு இரண்டும் வரக்கூடாது. சொற்களையோ வாக்கியங்களையோ சேர்த்துக் கட்டுவது இணைப்புச்சொல். 'ஆண்ட்', 'பட்', 'ஆர்' போன்றவை சமமான இரண்டைச் சேர்க்கும்: 'டீ ஆர் காபி'. 'ஆல்தோ', 'பிகாஸ்' அப்படியல்ல. ஒரு வாக்கியத்தை மற்றொன்றைச் சார்ந்து நிற்க வைத்துவிடும். 'ஆல்தோ இட் ரெய்ண்ட்' என்று நிறுத்திப் பாருங்கள், கேட்பவர் மீதிக்குக் காத்திருப்பார். 'ஆல்தோ இட் ரெய்ண்ட், வீ பிளேய்டு' என்றால் முடிந்தது. இடையில் 'பட்' நுழைப்பது, ஏற்கெனவே கொக்கி மாட்டிய ரயில் பெட்டிகளுக்கு இன்னொரு கொக்கி தேடுவது போல. 'மழை பெய்தாலும் ஆனால் விளையாடினோம்' என்று தமிழில் எழுதுவோமா என்ன?

'ஆண்ட்', 'பட்' கொண்டு வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியொரு இலக்கண விதி இல்லை, தேர்ந்த ஆங்கில எழுத்தாளர்கள் தாராளமாகத் தொடங்குகிறார்கள்.