ஷோசே தீவுகளுக்கு முதல் பாய்மரப் பயணம்: எந்த நாளில் போகலாம்?

கேள்வி: பிரான்சில் ரென் நகரில் வசிக்கிறோம். சான் மாலோவில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். இந்த ஆகஸ்டில் கணவர், 12 வயது மகள், 8 வயது மகனுடன் நார்மண்டிக் கடற்கரை ஊரான கிரான்வில்லில் ஒரு படகை வாடகைக்கு எடுத்து, ஷோசே தீவுகளுக்குப் போய் ஓர் இரவு தங்க ஆசை. படகு 8.5 மீட்டர் நீளம், நீருக்குள் 1.5 மீட்டர் இறங்கும். கடல் வற்றும்போது நூற்றுக்கணக்கான குட்டித் தீவுகள் தலைதூக்கும் என்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்றே பௌர்ணமியை ஒட்டிய சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். சரியான முடிவுதானா?

பதில்: ஊரும் சரி, படகும் சரி. நாளை மட்டும் மாற்றுங்கள். ஒரு வாரம் தள்ளிப் போங்கள்.

அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஷோசேவுக்கு முதல்முறை படகு ஓட்டிப் போகிறவருக்கு அந்த நாட்கள்தான் நல்ல நாட்கள். அரை நிலவு கழிந்து ஒன்றிரண்டு நாளில், நவமி தசமி வாக்கில், கடல் நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் (இந்த ஏற்ற இறக்கம்தான் ஓதம்) உள்ள வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் அது உச்சத்துக்குப் போகும். நீங்கள் தேர்ந்தெடுத்த வார இறுதி சரியாக அந்த உச்சத்தில் விழுகிறது.

உச்சம் என்றால் எவ்வளவு? சென்னைக் கடற்கரையில் பெரிய ஓத நாளிலும் நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவில்தான் ஏறி இறங்கும். பாக் நீரிணையில் அதைவிடக் குறைவு. கிரான்வில்லில் சாதாரண பௌர்ணமி ஓதத்துக்கே 11 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். ஆண்டின் மிகப் பெரிய ஓதங்களில் 14 மீட்டரை நெருங்கும். அட்லாண்டிக்கிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்குள் வரும் ஓதத்தைக் கொத்தாந்தேன் தீபகற்பம் குறுக்கே நின்று தடுக்கிறது. ஆழம் குறைந்த அந்த மூலையில் தண்ணீர் போக இடமில்லாமல் உயர்கிறது. சான் மாலோவுக்குப் பக்கத்தில் ரான்ஸ் ஆற்றின் முகத்தில் 1966-இல் ஓத மின்நிலையம் கட்டியதும் இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான். அரை நிலவு வாரத்தில் இதே கடலில் வித்தியாசம் ஏறக்குறைய 5 மீட்டராகச் சுருங்கிவிடும். அதுவே நமக்குப் பெரிதுதான், ஆனால் ஒரு புதியவர் கையாளக்கூடிய அளவு.

பஞ்சாங்கம் வேண்டியதில்லை. பிரெஞ்சு ஓத அட்டவணையில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பக்கத்தில் 20-க்கும் 120-க்கும் இடைப்பட்ட ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். கோஎஃபிசியான் என்பது அதுதான். 45 என்றால் சராசரிச் சிறு ஓதம், 95 என்றால் சராசரிப் பெரிய ஓதம். 2015 மார்ச் 21 அன்று அது 119 வரை போனது. மடாலயத் தீவான மோன் சான் மிஷேலைச் சுற்றிக் கடல் சூழ்ந்ததைப் பார்க்கக் கூட்டம் திரண்ட நாள் அது. உங்கள் முதல் பயணத்துக்கு 60-க்குள் இருக்கும் நாளாகப் பாருங்கள், 50-க்குள் கிடைத்தால் இன்னும் நல்லது. சனி, ஞாயிறோடு அது ஒத்துவராவிட்டால் விடுப்பு எடுத்துச் செவ்வாய், புதன் என்று போங்கள். ஆகஸ்ட் வார இறுதியில் அங்கே கட்டுவதற்கு மிதவை கிடைப்பதே பாடு என்பதால், அதிலும் உங்களுக்கு லாபம்தான்.

அட்டவணையில் ஒரு பொறி இருக்கிறது. சில பதிப்புகள் கோடை நேரத்தைக் கணக்கில் சேர்த்தே அச்சிடுகின்றன, சில சேர்ப்பதில்லை. முதல் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்து, தேவைப்பட்டால் ஒரு மணி நேரம் கூட்டிப் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய ஓத நாளில், நீர் வேகமாக மாறும் நடுவேளையில், ஒரு மணி நேரப் பிசகு என்பது 3 மீட்டர் ஆழப் பிசகு.

அரை நிலவு வாரத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. கிரான்வில்லின் எரேல் படகுத்துறையின் வாயிலில், தண்ணீரை உள்ளே தேக்கிவைக்க ஒரு தடுப்பு இருக்கிறது. ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் சுமார் மூன்று மணி நேரம்தான் அதைக் கடக்க முடியும். அன்றைய சரியான நேரம் துறை அலுவலகத்தில் கிடைக்கும். தடுப்புக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை வாயிலில் உள்ள எண் பலகையும் காட்டும். இந்தக் கடலோரத்தில் சிறு ஓத நாட்களில் ஏற்றம் பெரும்பாலும் பிற்பகலில் வரும். அதனால் நண்பகலில் கிளம்பி, 9 கடல் மைலைக் கடந்து, நீர் நிறைந்திருக்கும் மூன்று மணி வாக்கில் ஷோசேவை அடையலாம். மறுநாளும் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கிளம்பி, மாலைக்குள் கிரான்வில் வாயிலைக் கடந்துவிடலாம். பெரிய ஓத நாட்களில் கதை வேறு. ஏற்றம் காலையிலும் இரவிலும் வரும், நடுப்பகல் முழுக்கக் கிரான்வில் வாயில் மூடிக் கிடக்கும். காலையில் கிளம்பினால் வற்றுகிற நீரில் பாறைகளுக்கு நடுவே போய்ச் சேருவீர்கள். திரும்பும்போது தாமதமானால் இரவுவரை வெளியே காத்துக் கிடக்க வேண்டும், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு.

அங்கே போனதும் தெற்கு வழியாகவே உள்ளே நுழையுங்கள். பெரிய தீவான கிராந்த் ஈலில் 1847-இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் தூரத்திலிருந்தே தெரியும். அதன் கிழக்கே உள்ள வாய்க்கால்தான் எல்லாரும் தங்கும் இடம். வடக்கு வழி அழகானது, ஆனால் வற்றத்தில் பாறையாகக் கிடக்கும் நிலத்தின் மேல் போகிறது. இடம் தெரிந்தவர் ஒருவர் உடன் வரும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் குறுகலானது, நீரோட்டமும் உண்டு. அதனால் படகை ஒற்றை மிதவையில் சுழல விடாமல், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மிதவைகளுக்கு நடுவே கட்டுவது வழக்கம். பக்கத்தில் இன்னொரு படகு வந்து ஒட்டிக் கட்டினால் முகம் சுளிக்காதீர்கள், அங்கே அதுதான் முறை. இரு பக்கமும் தாங்குமெத்தைகளைத் தொங்கவிட்டுத் தயாராக இருங்கள். உள்ளூர் மீனவர்களின் மிதவைகளில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

மிதவை கிடைக்காமல் நங்கூரம் போட வேண்டி வந்தால் கணக்குப் போட்டுத்தான் போட வேண்டும். மாலை ஆறு மணி, அட்டவணைப்படி ஓத உயரம் 8.2 மீட்டர், ஆழமானி 7 மீட்டர் காட்டுகிறது என்று வையுங்கள். இரவு வற்றம் 4.8 மீட்டர். அதாவது இன்னும் 3.4 மீட்டர் இறங்கும், 3.6 மீட்டர் மிஞ்சும். உங்கள் படகுக்கு 1.5 போக, அடியில் 2 மீட்டருக்குச் சற்று மேல் தண்ணீர். நிம்மதியாகத் தூங்கலாம். விடியற்காலை ஏற்றத்தில் 9.9 மீட்டர். அப்போது ஆழம் 8.7 ஆகும், படகின் முன்முனை உயரத்தையும் சேர்த்தால் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. சங்கிலியின் நீளத்தை இந்த ஆழத்துக்குத்தான் கணக்கிட வேண்டும், நங்கூரம் போடும்போது கண்ட 7-க்கு அல்ல. நான்கு மடங்கு என்று வைத்தால் 40 மீட்டர். வாடகைப் படகில் அவ்வளவு சங்கிலியும் கயிறும் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே திறந்து பாருங்கள். இதே இடத்தில், இதே ஆழத்தில், பெரிய ஓத நாளில் நங்கூரம் போட்டிருந்தால்? வற்றம் 1.6 வரை இறங்கும். 7 மீட்டரில் மிஞ்சுவது 40 சென்டிமீட்டர். உங்கள் படகு நள்ளிரவுக்குப் பின் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் கிடக்கும்.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். வற்றத்தில் பாறைகள் தெரியும்போது பயமாக இருக்கும், ஆனால் வாய்க்காலைச் சுற்றி நின்று அலையைத் தடுப்பவை அந்தப் பாறைகள்தான். ஏற்றத்தில் அவை மூழ்கியதும் கடல் நேராக உள்ளே வரும். வடமேற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று பலமாக அடித்தால், இரவு ஏற்ற நேரத்தில் படகு குலுங்கி யாருக்கும் தூக்கம் இராது. முன்னறிவிப்பில் இந்த இரண்டு திசைகளில் ஒன்று வந்தாலோ, காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபர் அளவில் 4-க்கு மேல் காட்டினாலோ, பனிமூட்டம் என்று இருந்தாலோ, போகாதீர்கள். மிதமான மேற்குக் காற்றுக்கு மறுக்க வேண்டியதில்லை. போகும்போது எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏறுவதால் இரண்டு மணி நேரப் பயணம் மூன்று, நான்காக நீளும், அவ்வளவுதான். கிளம்பி ஒரு மணி நேரத்தில் பாதி வழியை நெருங்கவில்லை என்றால் இயந்திரத்தைப் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். சிறு ஓத நாளிலும் பாசி படிந்த பாறை, மணல் திட்டு, நண்டு, சிப்பி என்று காலை வற்றத்தில் அவர்களுக்கு வேண்டிய அளவு இருக்கும். ஆனால் விதி ஒன்றுதான்: வற்றம் முடிவதற்கு முன்பே கரை நோக்கித் திரும்ப வேண்டும், நீர் ஏறத் தொடங்கிய பிறகு அல்ல. ஏற்றத்தின் நடு இரண்டு மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பாதி வந்துவிடும். 12 மீட்டர் ஓதத்தில் அது நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர். உங்கள் மகனின் கணுக்காலில் இருக்கும் நீர் கால்மணி நேரத்தில் அவன் இடுப்பைத் தாண்டும். 5 மீட்டர் ஓதத்தில் நிமிடத்துக்கு 2 சென்டிமீட்டர்தான், கூப்பிட்டுக் கைபிடித்து நடக்க அவகாசம் இருக்கும். மணல் தட்டையானது இல்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். முன்னால் உலர்ந்து கிடக்கும்போதே முதுகுக்குப் பின்னால் உள்ள பள்ளம் நிரம்பிவிடும். வசந்த காலத்தில் கடற்பறவைகள் கூடு கட்டும்போது சிறு தீவுகளில் இறங்கத் தடை உண்டு. ஆகஸ்டிலும் ஒதுங்கி நிற்கும் பறவைகளை விரட்ட விடாதீர்கள். சிப்பி பொறுக்கினால் அளவு, எண்ணிக்கைக் கட்டுப்பாடுகள் உண்டு, வளர்ப்புப் பண்ணைகளுக்குள் போகவே கூடாது.

டிங்கி என்னும் சிறு துணைப் படகில் கரைக்குப் போகும்போது, இப்போது நீர் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல், திரும்பும் நேரத்தில் எங்கே நிற்கும் என்று பாருங்கள். ஏற்றத்தில் கல் சரிவின் உச்சியில் கட்டிவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தால், வழுக்கும் பாசி மேல் டிங்கியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். வற்றத்தில் விட்டுப் போனால் அது மிதந்து போய்விடும், கட்டும் கயிறு நீளமாக இருக்கட்டும். குடிநீரும் உணவும் முழுக்கக் கொண்டுபோங்கள். ஒரு சிறு கடையும் ஒரு விடுதியும் உண்டு, ஆனால் தீவில் நன்னீர் அரிது, படகுகளுக்கு நிரப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. குப்பையை உங்களுடனேயே திரும்பக் கொண்டுவாருங்கள்.

சரி, ஏற்றத்தில் 52, வற்றத்தில் 365 என்று அங்கே வழக்கமாகச் சொல்லும் அந்தத் தீவுகளை எப்போது பார்ப்பது? அதுவும் இதே கோடையில் முடியும். நீங்கள் முதலில் நினைத்த அதே பௌர்ணமி வார இறுதியில், கிரான்வில்லிலிருந்து போகும் பயணிகள் படகில் டிக்கெட் எடுங்கள். ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள். பெரிய ஓத நாட்களில் வற்றம் பிற்பகலில் வருவதால், கிராந்த் ஈலின் மேட்டில் நின்று மொத்தக் காட்சியையும் பார்க்கலாம். மோன் சான் மிஷேலுக்குக் கல் வெட்டிய இந்தக் கருங்கல் தீவுக்கூட்டம் முழுதாக வெளியே வந்து நிற்கும். யானை என்று பெயர் பெற்ற பாறையை உங்கள் மகன் கண்டுபிடிக்கட்டும். கையில் கடல் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் படகில் வரப்போகும் வாய்க்காலையும் அதன் இருபுறமும் உள்ள பாறைகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் பாருங்கள். அவை எல்லாம் வெளியே தெரியும் நாள் அதுதான்.

படகை முன்பதிவு செய்யும் முன், காற்று சரியில்லாவிட்டால் தேதியை மாற்ற முடியுமா என்று வாடகைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரான்சில் கடலில் ஆபத்துக்கு அழைக்கும் எண் 196, விஎச்எஃப் வானொலியில் 16-ஆம் அலைவரிசை. வானொலியில் எப்படிப் பேசுவது என்று மகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், 12 வயது அதற்குப் போதும்.