கூட்டம் பிடிக்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி: காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கிறேன். வயது 38. சேலத்தில் ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். குடியை விட்டு இன்றோடு 26 நாள். டாக்டர் சொன்னாரே என்று ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் அமைப்பு) கூட்டம் ஒன்றுக்குப் போனேன். எல்லாரும் அப்பா வயது ஆட்கள். கடவுள், பிரார்த்தனை என்றார்கள்; எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. போதாததற்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி இதற்குப் போகத்தான் வேண்டுமா? எனக்குத் தோதான கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
(பெயர் வேண்டாம், ஏற்காடு)

பதில்: தம்பி, 26 என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். நானும் பட்டறைக் காலண்டரில் அப்படித்தான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை எனக்கு. கண்ணி கண்ணியாகப் பற்றவைக்க வேண்டிய கை, காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் ஆடாமல் நிற்கும். 19 வருடத்துக்கு முந்திய கதை.

என் முதல் கூட்டமும் எனக்குப் பிடிக்கவில்லை. டீ ஆறிப்போயிருந்தது, ஒருத்தர் அரை மணி நேரம் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வேறு குழுவுக்குப் போனேன். அங்கே ஒரு லாரி டிரைவர், காலையில் கை நடுங்குவதைப் பெண்டாட்டியிடமிருந்து எப்படி மறைத்தார் என்று சொன்னார். என் வீட்டுக்குள் புகுந்து பார்த்தவர் மாதிரி இருந்தது. குழுவுக்குக் குழு ஆட்கள் வேறு, பேச்சு வேறு. ஐந்தாறு கூட்டம், இரண்டு மூன்று குழு பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். எங்கே, என்றைக்கு நடக்கிறது என்று நீங்கள் படுத்திருந்த வார்டின் கவுன்சலரிடமே கேட்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. கேட்கும்போது ஓப்பன் கூட்டமா, குளோஸ்டு கூட்டமா என்றும் கேளுங்கள். ஓப்பன் என்றால் உங்கள் வீட்டம்மாவும் வந்து உட்காரலாம். குளோஸ்டு என்றால் குடியை விட நினைப்பவர்கள் மட்டும். கட்டணம் எதற்கும் கிடையாது. உண்டியல் சுற்றி வரும், இருந்தால் போடலாம்.

சாமி விஷயம். 1944-ல் திராவிடர் கழகம் பெயர் சூட்டிக்கொண்ட ஊர் சேலம். இங்கே சாமி இல்லை என்பவர்களுக்குப் பஞ்சமா? எங்கள் குழுவிலேயே கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார். பிரார்த்தனை நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நிற்பார். 11 வருடமாகக் குடிக்கவில்லை. ஏஏ-யில் சேரக் கேட்பது ஒன்றுதான்: குடியை நிறுத்த ஆசை. குடியிலிருந்து மீள ஏஏ சொல்கிற 12 படிகளில் கடவுள் வருகிறார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றுதான் எழுதியிருக்கிறது. சிலர் அந்த இடத்தில் குழுவையே வைத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் உங்கள் ஊர்க்காரர். அவர் என்ன, பஞ்சாங்கம் கேட்கவா அங்கே வந்தார்? நீங்கள் ஊரில் போய்ச் சொல்லிவிடுவீர்களோ என்று அவருக்கும் அன்றைக்குத் தூக்கம் வந்திருக்காது. ஒரு கதை சொல்கிறேன். 1935-ல் நியூயார்க்கிலிருந்து அக்ரன் என்ற ஊருக்கு வியாபார வேலையாக வந்த பில் என்பவருக்குக் காரியம் தோற்றுப்போனது. ஓட்டலில் ஒரு பக்கம் பார் சத்தம். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பாருக்குள் போகாமல், அந்த ஊரில் தன்னைப் போல இன்னொரு குடிகாரன் கிடைப்பானா என்று போன் போட்டுத் தேடினார். கிடைத்தவர் பாப் என்கிற டாக்டர். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. ஆரம்பத்தில் அந்த இரண்டு பேர்தான்.

மலை மேலே நீங்களும் அவரும் இருக்கிறீர்கள். போன் நம்பர் வாங்குங்கள். வாரம் ஒரு தடவை சேர்ந்து கீழே இறங்குங்கள்; மற்ற நாளில் அவர் வீட்டுத் திண்ணையோ உங்கள் வீட்டுத் திண்ணையோ போதும்.

எந்த நாள் கூட்டம் என்பதற்கு என் கணக்கு ஒன்று உண்டு. எனக்குச் சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும். அதனால் சனி சாயங்காலக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கு எந்த நாள், எந்த நேரம் ஆபத்து என்பது உங்களுக்குத்தான் தெரியும். திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பஸ்ஸைத் தவறவிட்டவனுக்கு ராத்திரி பஸ் ஸ்டாண்ட் நல்ல இடமில்லை. மழையில் இறங்க முடியாத நாளுக்குப் போனில் பார்க்கிற ஆன்லைன் கூட்டங்களும் உண்டு.

டாக்டர் கொடுத்த மாத்திரையைக் குழுவில் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். நான் சொன்னாலும்தான்.

கேள்வி: வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறார். அவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்கிறார்களே?
(ஒரு சகோதரி, அம்மாபேட்டை)

பதில்: வேண்டாம் அம்மா. டைசல்ஃபிராம் போன்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். குடிப்பவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்வையில் மட்டும் கொடுக்கிற மருந்து அது. அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள். குடும்பத்தாருக்கென்றே 1951-ல் தொடங்கிய அல்-அனான் என்கிற அமைப்பு இருக்கிறது. இன்னொன்று: தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம். அப்படி ஏதாவது கண்டால் கூட்டம், மந்திரம் எதுவும் பார்க்காமல் ஆட்டோவில் ஏற்றி நேராக அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.